சிறு படகுகளின் பாதுகாப்பில் கடல்சார் வானொலி

கடல்சார் வானொலி என்பது கடலில் செல்லும் கலங்கள் தங்களுக்குள்ளும், கரையில் உள்ள நிலையங்களுடனும் பேசிக்கொள்வதற்கென ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் இயங்கும் இருவழித் தொடர்புக் கருவி ஆகும். தமிழ்நாட்டுக் கடற்கரைகளில் இது "வயர்லெஸ்" என்றும், கையில் பிடிக்கும் சிறிய வகை "வாக்கி டாக்கி" என்றும் அழைக்கப்படுகிறது. பாட்டும் செய்தியும் கேட்கும் வானொலிப் பெட்டியில் கேட்க மட்டுமே முடியும். கடல்சார் வானொலியில் கேட்கவும் முடியும், பேசவும் முடியும்.

பெரிய கப்பல்களில் எந்தெந்தத் தொடர்புக் கருவிகள் இருக்க வேண்டும் என்பதைப் பன்னாட்டுச் சட்டங்கள் வரையறுத்துள்ளன. நாட்டுப்படகு, வள்ளம், ஃபைபர் படகு, விசைப்படகு, பாய்மரப் படகு ஆகியவற்றை அந்தச் சட்டங்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆனால் புயலிலும் இயந்திரக் கோளாறிலும் முதலில் ஆபத்துக்கு உள்ளாவது இத்தகைய சிறு கலங்களே. 2017-ஆம் ஆண்டின் ஒக்கிப் புயல் இந்த உண்மையைத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்திற்கும் உணர்த்தியது. ஒரு சிறு படகுக்குக் கடல்சார் வானொலி எந்த அளவுக்குப் பாதுகாப்புத் தரும், எந்த இடத்தில் அதன் பயன் முடிகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கைப்பேசி ஏன் போதாது

கரைக்கு அருகே மீன்பிடிக்கும் பலரிடம் கைப்பேசி உள்ளது. கோபுரத்தின் அலை எட்டும் இடத்தில் அது மிகவும் பயனுள்ளது. இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற கட்டணமில்லா அவசர எண்ணையும் அதில் அழைக்கலாம். ஆனாலும் கைப்பேசியை மட்டும் நம்பிக் கடலுக்குச் செல்வது பாதுகாப்பானது அன்று. இதற்கு மூன்று முக்கியக் காரணங்கள் உள்ளன.

முதலாவதாக, கைப்பேசிக் கோபுரங்கள் நிலத்தில் வாழும் மக்களுக்காக அமைக்கப்பட்டவை. கரையை விட்டு விலக விலகத் தொடர்பு மங்கி, பின்னர் முற்றிலும் அறுந்துவிடும்.

இரண்டாவதாக, கைப்பேசி அழைப்பு ஒருவரை மட்டுமே சென்றடையும். ஆபத்தில் இருக்கும் படகிலிருந்து வீட்டுக்கு அழைத்தால், வீட்டார் சங்கத்திற்குச் சொல்லி, சங்கம் அதிகாரிகளுக்குச் சொல்லி, அதன் பிறகே தேடுதல் தொடங்கும். ஆனால் உதவக்கூடிய இன்னொரு படகு 5 கி.மீ. தொலைவிலேயே வலை இழுத்துக்கொண்டு இருக்கலாம். அதில் உள்ளவர்களின் எண் தெரியாவிட்டால் கைப்பேசியால் பயனில்லை. வானொலியில் எண் எதுவும் தேவையில்லை. பொத்தானை அழுத்திப் பேசினால், அந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருக்கும் சுற்றுவட்டாரத்துப் படகுகள் அனைத்திற்கும் ஒரே நேரத்தில் கேட்கும்.

மூன்றாவதாக, உதவிக்கு வருபவர்களுடன் கடைசி வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. கடலோரக் காவல்படைக் கப்பலிலும், அவ்வழியே செல்லும் சரக்குக் கப்பலிலும் கடல்சார் வானொலி உண்டு. "உங்கள் விளக்கு எங்களுக்குத் தெரிகிறது, இன்னும் சற்று வடக்கே வாருங்கள்" என்று நேரடியாக வழிகாட்ட அதனால் முடியும்.

இயங்கும் முறை

சிறு படகுகளில் மிகுதியாகப் பயன்படுவது வி.எச்.எஃப். எனப்படும் மிகு உயர் அலைவெண் வானொலி ஆகும். ஏறத்தாழ 156 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்கள் இதற்கு ஒதுக்கப்பட்டுள்ளன. இவை எண்ணிடப்பட்ட சேனல்களாகப் பிரிக்கப்பட்டு உலகம் முழுவதும் ஏறக்குறைய ஒரே முறையில் பயன்படுத்தப்படுகின்றன. எனவே தூத்துக்குடியில் வாங்கிய கருவியின் குரல், நார்வே நாட்டுக் கப்பலின் கருவியிலும் கேட்கும்.

படகில் பொருத்தப்படும் கருவி அதிகபட்சமாக 25 வாட் திறனில் ஒலிபரப்பும். அருகில் உள்ளவரிடம் பேச 1 வாட் போதும் என்பதால் திறனைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. கைக்கருவிகளின் திறன் பொதுவாக 5 அல்லது 6 வாட் ஆகும்.

பெரும்பாலான சேனல்களில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசுபவர் பொத்தானை அழுத்திப் பேசி, முடித்தவுடன் விட வேண்டும். விட்டால்தான் மறுமொழி கேட்கும். பேசும் பொத்தான் சிக்கிக்கொண்டு அழுந்தியே இருந்தால், அந்தப் படகு தன்னை அறியாமலேயே அப்பகுதியின் சேனல் முழுவதையும் அடைத்துவிடும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவாக வந்து சேரும் குரலே பெரும்பாலும் கேட்கும். வலுக்குறைந்த குரல் அமுங்கிவிடும். தொலைவில் மூழ்கிக்கொண்டிருக்கும் படகின் குரல் வலுக்குறைந்ததாகவே இருக்கும் என்பதால், வீண் பேச்சைத் தவிர்ப்பது உயிர்காக்கும் ஒழுங்காகக் கருதப்படுகிறது.

எட்டும் தூரம்: அருப்புக்கோட்டையில் இருந்து ஒரு கணக்கு

வி.எச்.எஃப். அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமி உருண்டை என்பதால், ஒரு குறிப்பிட்ட தூரத்திற்குப் பின் அலைகள் நிலத்தையோ கடலையோ தொடாமல் மேலே கடந்துவிடும். இந்த எல்லைக்கு வானொலித் தொடுவானம் என்று பெயர். கருவியின் திறனைவிட ஏரியலின் உயரமே இந்த எல்லையைத் தீர்மானிக்கிறது. ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். பேசுபவர், கேட்பவர் இருவருக்கும் இவ்வாறு கணக்கிட்டுக் கூட்டினால், அவர்கள் பேசிக்கொள்ளக்கூடிய தூரம் தெரியும்.

கடலில் அடையாளக் கற்கள் இல்லாததால் இந்தத் தூரங்களை மனத்தில் நிறுத்துவது கடினம். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை இதற்கு அளவுகோலாகக் கொள்ளலாம். பெரிய மலைகள் குறுக்கிடாத கரிசல் சமவெளி அது. திருச்சுழியைக் கடந்து செல்லும் குண்டாறு இராமநாதபுரம் மாவட்டத்தின் வழியாக ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அந்தச் சமவெளி முழுவதையும் கடல் என்று கற்பனை செய்துகொண்டால் கணக்கு பின்வருமாறு அமையும்.

அருப்புக்கோட்டையில் ஒரு வள்ளம், திருச்சுழியில் ஒரு வள்ளம் இருப்பதாகக் கொள்வோம். இரண்டிலும் நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் கைக்கருவி உள்ளது. ஒவ்வொன்றின் தொடுவானமும் ஏறத்தாழ 5.8 கி.மீ.; இரண்டும் சேர்ந்து 11.6 கி.மீ. இரு ஊர்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 11 கி.மீ. எனவே அவர்கள் சிரமப்பட்டுப் பேசிக்கொள்ள முடியும். அதற்கு மேல் விலகினால் குரல் கேட்காது.

இப்போது அருப்புக்கோட்டையில் 49 மீட்டர் உயரக் கோபுரத்துடன் ஒரு கரை நிலையம் இருப்பதாகக் கொள்வோம். அதன் தொடுவானம் ஏறத்தாழ 29 கி.மீ. வள்ளத்தின் 5.8 கி.மீ. தூரத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 35 கி.மீ. ஆகிறது. கமுதியில் இருக்கும் வள்ளம் பேசினால் அந்த நிலையத்திற்குக் கேட்கும். 50 கி.மீ.க்கு அப்பால் சாயல்குடியில் இருக்கும் வள்ளம் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. அதே வள்ளத்தில் 9 மீட்டர் உயரப் பாய்மரத்தின் உச்சியில் ஏரியல் இருந்தால் எல்லை ஏறத்தாழ 41 கி.மீ. ஆக நீளும், அப்போதும் சாயல்குடி எட்டாது.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஏரியலை உயர்த்திக் கட்டுவது, விலை கூடிய கருவி வாங்குவதைவிடப் பயன் தரும். மேலும், சிறு படகின் வானொலி என்பது அடிப்படையில் அக்கம்பக்கத்தாரை அழைக்கும் கருவி. அது கடல் முழுவதையும் எட்டும் கருவி அன்று.

16-ஆம் சேனலும் ஆபத்து அழைப்பும்

156.8 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் உள்ள 16-ஆம் சேனல், ஆபத்து அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உரிய பன்னாட்டுச் சேனல் ஆகும். கப்பல்களும் கடலோரக் காவல்படையும் இதைத் தொடர்ந்து கேட்கின்றன. ஒருவரை அழைக்க இதைப் பயன்படுத்தலாம். அவர் மறுமொழி தந்ததும் இருவரும் வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும். மீன் விலை, வீட்டுச் செய்தி போன்றவற்றை இதில் பேசிக்கொண்டிருப்பது மற்றொருவரின் ஆபத்து அழைப்பை மறைத்துவிடக்கூடும்.

அழைப்புகள் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. உயிருக்கோ கலத்திற்கோ உடனடி ஆபத்து இருந்தால் "மேடே" என்ற சொல் பயன்படுகிறது. "எனக்கு உதவுங்கள்" என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து உருவான சொல் இது. அவசரம், ஆனால் உடனடி உயிராபத்து இல்லை என்றால் "பான் பான்" எனப்படும். இயந்திரம் நின்றுபோய் அமைதியான கடலில் மிதக்கும் படகு இதைப் பயன்படுத்தும். வானிலை எச்சரிக்கை, மிதக்கும் தடை போன்ற செய்திகளுக்கு முன் "செக்யூரிட்டே" என்று சொல்லப்படும்.

ஆபத்து அழைப்பில் சொல்ல வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. யார், எங்கே, என்ன நேர்ந்தது, எத்தனை பேர், என்ன உதவி என்பதே அது. கற்பனையான ஓர் எடுத்துக்காட்டு:

"மேடே, மேடே, மேடே. இது படகு அலைமகள், அலைமகள், அலைமகள். மேடே, அலைமகள். இடம்: வடக்கு 9 பாகை 4 கலை, கிழக்கு 78 பாகை 47 கலை. கீழக்கரைக்குத் தெற்கே 10 கடல் மைல். படகில் தண்ணீர் ஏறுகிறது, மூழ்கிக்கொண்டிருக்கிறோம். ஐந்து பேர் இருக்கிறோம். உடனே உதவி வேண்டும். நீல நிற ஃபைபர் படகு. ஓவர்."

இதில் இடத்தைச் சொல்லும் வரி மிக முக்கியமானது. பேச்சு பாதியில் அறுந்தாலும், இடம் தெரிந்துவிட்டால் தேடுதலைத் தொடங்கிவிடலாம். ஊர்ப் படகுகளுக்கும் கரைக்கும் தமிழில் பேசினால் போதும். ஆனால் அவ்வழியே செல்லும் வெளிநாட்டுக் கப்பலுக்குத் தமிழ் புரியாது. அதனால் "மேடே" என்ற சொல்லையும், எண்களையும் ஆங்கிலத்தில் சொல்லப் பழகிக்கொள்வது நல்லது. படகில் உள்ள அனைவரும், குறிப்பாக வயதில் இளையவரும், இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஆபத்து நேரும்போது காயமடைந்து விழுவது படகோட்டியாகவே கூட இருக்கலாம்.

சிவப்புப் பொத்தான்

இன்றைய பொருத்து கருவிகளில் மூடியிட்ட ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். இது எண்ணியல் தேர்வு அழைப்பு என்னும் முறையைச் சேர்ந்தது. மூடியைத் திறந்து பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், கருவி 70-ஆம் சேனலில் ஓர் எண்ணியல் செய்தியைத் தானே அனுப்பும். அந்தச் செய்தியில் கலத்தின் ஒன்பது இலக்க அடையாள எண்ணும், ஜி.பி.எஸ். இணைக்கப்பட்டிருந்தால் இருக்கும் இடமும் நேரமும் அடங்கும். இந்தியக் கலங்களின் அடையாள எண் 419 என்று தொடங்கும்.

எல்லைக்குள் உள்ள, இதே வசதியுடைய கருவிகள் அனைத்திலும் உடனே எச்சரிக்கை மணி ஒலிக்கும். பேச நேரமில்லாதபோதும், பதற்றத்தில் இடத்தைச் சொல்ல இயலாதபோதும், இரைச்சலில் குரல் தெளிவாகக் கேட்காதபோதும் இது கைகொடுக்கிறது. ஆனால் ஜி.பி.எஸ். இணைக்கப்படாமலும், அடையாள எண் பதியப்படாமலும் இருந்தால் இந்தப் பொத்தானின் பயன் பெரிதும் குறைந்துவிடும். கருவியைப் பொருத்தும் நாளிலேயே இவ்விரண்டையும் உறுதிசெய்ய வேண்டும்.

வரலாறு கற்பித்த பாடங்கள்

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது அதன் வானொலி அழைப்பைக் கேட்டு கார்பேத்தியா என்ற கப்பல் விரைந்து வந்து 700-க்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியது. அதைவிட அருகில் கலிபோர்னியன் என்ற கப்பல் நின்றிருந்தது. அதிலும் வானொலி இருந்தது. ஆனால் அதன் வானொலி இயக்குநர் பணி முடித்து உறங்கச் சென்றுவிட்டார். கேட்பவர் இல்லாத வானொலி பயனற்றது என்பதை அந்த இரவு காட்டியது. அதன் பிறகு 1914-இல் உருவான கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் கப்பல்களின் வானொலிக் காவல் பற்றிய விதிகள் இடம்பெற்றன. அந்த வழியில் வந்த உலகளாவிய கடல்சார் ஆபத்து, பாதுகாப்பு முறைமை 1999 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பன்னாட்டுப் பயணம் செல்லும் பயணிகள் கப்பல்களுக்கும், 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களுக்கும் அது கட்டாயம்.

சிறு பாய்மரக் கலங்களுக்கான பாடம் 1979 ஆகஸ்டில் கிடைத்தது. இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக் கரைக்கருகே உள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி வரும் பந்தயத்தில் 303 பாய்மரப் படகுகள் புறப்பட்டன. வழியில் கடும் புயல் தாக்கியதில் 15 பந்தய வீரர்கள் இறந்தனர். அதன் பின்னரே அப்பந்தயத்தில் ஒவ்வொரு படகும் வி.எச்.எஃப். வானொலி வைத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது.

ஒக்கிப் புயல்

2017 நவம்பர் 29 அன்று தென்மேற்கு வங்கக் கடலில் இருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வேகமாக வலுப்பெற்று, மறுநாள் காலையில் குமரிக் கடல் பகுதியில் ஒக்கி என்னும் புயலாக மாறியது. எச்சரிக்கை வெளிவந்தபோது கன்னியாகுமரி மாவட்டம், கேரளத்தின் திருவனந்தபுரம் பகுதி ஆகியவற்றைச் சேர்ந்த ஏராளமான மீனவர்கள் ஏற்கெனவே கடலில் இருந்தனர். குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில் பெயர் பெற்றவர்கள். கரையிலிருந்து பல நூறு கி.மீ. தொலைவுக்குச் சென்று, வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள் அவர்கள்.

கரையில் எச்சரிக்கை இருந்தது. கடலில் இருந்தவர்களுக்கு அதைக் கொண்டுசேர்க்கும் வழி இல்லை. மேலே பார்த்த கணக்கின்படி, கரைக் கோபுரத்தின் வி.எச்.எஃப். குரல் 40 கி.மீ. அளவிலேயே ஓய்ந்துவிடும். நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். பல படகுகள் இலட்சத்தீவு, கர்நாடகம், மகாராட்டிரம் ஆகிய கரைகளில் சென்று ஒதுங்கின. அவற்றில் இருந்தவர்கள் உயிரோடு இருக்கும் செய்தி குடும்பங்களுக்குத் தெரியவே நாட்கள் ஆயின.

இதனால் வி.எச்.எஃப். பயனற்றது என்று முடிவு செய்வது தவறு. படகுகள் கூட்டமாகத் தொழில் செய்யும் இடத்தில், ஒரு படகுக்குக் கிடைத்த செய்தியை அடுத்த படகுக்கும், அங்கிருந்து அதற்கடுத்த படகுக்கும் கடத்த முடியும். ஆனால் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணிக்காவது கரையிலிருந்து செய்தி வந்து சேர வேண்டும். ஒக்கியின்போது அறுந்திருந்தது அந்தக் கண்ணியே.

தொழில் செய்யும் கடலைப் பொறுத்துக் கருவியின் தேவையும் மாறுகிறது. பாக் நீரிணைப் பகுதியில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தூரமே ஏறத்தாழ 30 கி.மீ.தான். அங்கே காலையில் சென்று மறுநாள் திரும்பும் படகுக்கு நல்ல ஏரியலுடன் கூடிய வி.எச்.எஃப். பெரும்பாலும் போதும். தூத்தூரிலிருந்து அரபிக் கடலின் நடுப்பகுதிக்குச் செல்லும் படகுக்கு அது போதாது.

எல்லைக்கு அப்பால்: செயற்கைக்கோள் வழிக் கருவிகள்

வி.எச்.எஃப். எட்டாத இடத்தில் செயற்கைக்கோள் வழியாக இயங்கும் கருவிகள் அந்தக் குறையை நிரப்புகின்றன.

ஆபத்து நிலை காட்டும் ஒளிரும் மிதவைக் கருவி 406 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் காஸ்பாஸ்-சார்சாட் என்னும் பன்னாட்டுச் செயற்கைக்கோள் முறைமைக்குச் செய்தி அனுப்புகிறது. படகு மூழ்கினாலும் இது மிதந்து, குறைந்தது 48 மணி நேரம் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் மீனவர்களுக்காக ஆபத்து எச்சரிக்கை அனுப்பி என்னும் கருவியை உருவாக்கியது. 2010 முதல் இது பயன்பாட்டில் உள்ளது. தீ, மூழ்குதல், மருத்துவ உதவி போன்ற ஆபத்தின் வகையையும் இருக்கும் இடத்தையும் இது அனுப்பும். ஆனால் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. உதவி வருகிறதா இல்லையா என்று அறியாமல் இருட்டில் காத்திருப்பவரின் நிலையை எண்ணினால் இந்தக் குறையின் அளவு புரியும். அதன் இரண்டாம் தலைமுறைக் கருவியில், கரையிலிருந்து மறுமொழி பெறும் வசதி சேர்க்கப்பட்டுள்ளது.

2019-இல் ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. இது செயற்கைக்கோள் வழியே வரும் புயல் எச்சரிக்கை, கடல்நிலை முன்னறிவிப்பு, மீன்வளம் மிகுந்த இடங்கள் பற்றிய செய்தி ஆகியவற்றைப் பெற்று மீனவரின் கைப்பேசித் திரையில் காட்டுகிறது. இதில் செய்தி பெற மட்டுமே முடியும். 2024 ஆகஸ்டில், 1 லட்சம் மீன்பிடிக் கலங்களில் இருவழிச் செய்திப் பரிமாற்றத்திற்கான டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தை ஒன்றிய அரசு தொடங்கியது.

தனியாகப் பாய்மரப் படகில் செல்வோருக்கு இத்தகைய கருவிகளின் மதிப்பை 2018-இல் நிகழ்ந்த ஒரு மீட்பு எடுத்துக்காட்டுகிறது. கோல்டன் குளோப் என்னும் தனிநபர் உலகச் சுற்றுப் பந்தயத்தில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி கலந்துகொண்டார். செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கி அவருடைய படகின் பாய்மரம் முறிந்தது. முதுகில் பலத்த காயம் ஏற்பட்டு அவரால் எழ முடியவில்லை. எந்தக் கரையின் வி.எச்.எஃப். கோபுரமும் எட்டாத இடம் அது. செயற்கைக்கோள் வழியே அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளைக் கொண்டு மீட்புப் பணி ஒருங்கிணைக்கப்பட்டு, செப்டம்பர் 24 அன்று பிரெஞ்சு நாட்டுக் கலமான ஒசிரிஸ் அவரை மீட்டது.

மோதலைத் தவிர்க்கும் வானொலி

சிறு படகுகளுக்குப் புயல் மட்டுமே ஆபத்து அன்று. 2018 ஆகஸ்ட் 7 அன்று, கேரளத்தின் முனம்பம் துறைமுகத்திலிருந்து சென்ற மீன்பிடிப் படகின் மீது கப்பல் மோதியதில் குமரி மாவட்ட மீனவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். இத்தகைய மோதலைத் தவிர்க்கத் தானியங்கி அடையாள முறைமை உதவுகிறது. இதுவும் வி.எச்.எஃப். அலைவெண்ணில் இயங்கும் வானொலியே. கலத்தின் பெயர், இடம், வேகம், செல்லும் திசை ஆகியவற்றை இடைவிடாது ஒலிபரப்பி, அருகிலுள்ள கப்பல்களின் திரையில் காட்டும். ராடாரில் எளிதில் தெரியாத மரப்படகும் ஃபைபர் படகும் இதன் மூலம் கப்பலின் கண்ணுக்குத் தெரிகின்றன. கப்பல் நெருங்குவதைக் கண்டால் 16-ஆம் சேனலில் அதன் பெயர் சொல்லியே எச்சரிக்கவும் முடியும்.

பராமரிப்பும் உரிமமும்

உப்புக் காற்று மின்கருவிகளுக்குப் பகை. கருவி நன்றாக இருந்தும், ஏரியல் இணைப்பில் பச்சைப் பாசி போல் துருப்பிடித்திருந்தால் குரல் வெளியே செல்லாது. எனவே இணைப்புகளை நன்னீரால் துடைத்து உலர்த்திச் சுற்றி மூடி வைக்க வேண்டும். 25 வாட் கருவி ஒலிபரப்பும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் அளவு மின்சாரத்தை இழுக்கும். கேட்கும்போது அதில் சிறு பகுதியே செலவாகும். ஆகவே பேட்டரி குறைவாக இருந்தால் குறைவாகப் பேசி மிகுதியாகக் கேட்க வேண்டும். படகினுள் தண்ணீர் ஏறும்போது முதலில் நனையாதபடி பேட்டரியை உயரமான இடத்தில் வைப்பதும் அவசியம்.

புறப்படும் முன் பக்கத்துப் படகை அழைத்து, குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று சோதிப்பது நல்ல வழக்கம். இந்தச் சோதனையை 16-ஆம் சேனலில் நீட்டாமல் வேறு சேனலில் செய்ய வேண்டும். இந்தியாவில் கடல்சார் வானொலியை இயக்கவும், அடையாள எண் பெறவும் உரிய அரசுத் துறைகளின் அனுமதி தேவை. பதிவு செய்யப்பட்ட எண்ணைக் கொண்டே ஆபத்து நேரத்தில் படகின் உரிமையாளரையும் குடும்பத்தையும் அடையாளம் காண முடியும்.

வரம்புகள்

வானொலி இருப்பதால் மட்டும் ஒரு படகு பாதுகாப்பானது ஆகிவிடாது. படகு கவிழ்ந்தால், அறையில் பொருத்திய கருவியும் அதன் ஏரியலும் ஒரே நொடியில் நீருக்குள் போய்விடும். அந்த நேரத்தில் உடலோடு கட்டியிருக்கும் நீர்புகாக் கைக்கருவியும், உயிர்காப்பு அங்கியும், மிதவைக் கருவியும்தான் மிஞ்சும். "வயர்லெஸ் இருக்கிறதே" என்ற துணிவில் எச்சரிக்கை விடுத்த நாளில் கடலுக்குச் செல்வதும் ஆபத்தானது. மீட்க வரும் படகும் அதே புயலில்தான் வர வேண்டும்.

மேலும், சிறு படகில் செல்பவருக்கு வரும் உதவி பல வேளைகளில் அருகில் தொழில் செய்யும் இன்னொரு சிறு படகிடமிருந்தே முதலில் வருகிறது. அவர்கள் கருவியை அணைத்து வைத்திருந்தால், எவ்வளவு உயர்ந்த ஏரியலிலிருந்து அழைத்தாலும் பயனில்லை. பேசுவதற்கு ஒன்றும் இல்லாத நேரத்திலும் 16-ஆம் சேனலைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பது, ஒவ்வொரு படகும் மற்றப் படகுகளுக்குச் செய்யும் காவல் ஆகும். அந்தக் காவல் எத்தனை படகுகளில் இருக்கிறதோ, அந்த அளவுக்கே கடல்சார் வானொலியின் பாதுகாப்பும் இருக்கும்.